புதுப்பிப்பு: மருத்துவ அலட்சிய வழக்கு, ஒரு திருத்தம்

கேட்கும் இழப்பீட்டை வைத்தே எந்த நுகர்வோர் ஆணையம் என்பது முடிவாகும் என்று முன்பு எழுதியிருந்தேன். அது 1986 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கு. 2019 சட்டப்படி மருத்துவமனைக்குக் கட்டிய தொகைதான் அளவுகோல்: 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணமே கிடையாது.

வக்கீலைப் பார்க்குமுன் மருத்துவமனையிடம் கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவுகள் முழுவதும்) நகலை எழுத்தில் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டுவார்கள், போதாது. நர்ஸ் குறிப்புகள், மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவம் எல்லாம் வேண்டும். எது எப்போது நடந்தது என்ற நேரக் கணக்கு முரண்படுவது பெரும்பாலும் நர்ஸ் குறிப்பில்தான்.

ஆணையத்தில் மனு போடக் கெடு 2 ஆண்டு. மருத்துவமனைக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

வயிற்றில் பஞ்சை வைத்துத் தைத்தது போன்ற வெளிப்படையான தவறுக்கு நிபுணர் கருத்து கட்டாயமில்லை.