பொருளியல் தேர்வுக்கு 5 வாரம்: வரைபடம், கணக்கு, நெடுவினா மூன்றிலும் மதிப்பெண் எங்கே போகிறது?

கேள்வி (பதிந்தவர்: மேல்நிலை மாணவி)

பாடத்தை இரண்டு முறை முழுதாகப் படித்தாயிற்று. ஒரு மதிப்பெண் வினாக்கள் சரியாகவே வருகின்றன. மாதிரித் தாள்களில் வரைபடத்துக்குப் பாதி மதிப்பெண்தான் கிடைக்கிறது. நெகிழ்ச்சி, செலவு அட்டவணை, பெருக்கி ஆகிய கணக்குகளில் சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறுகிறது. நெடுவினாவில் இரண்டு பக்கம் எழுதினாலும் 'காரணம் இல்லை' என்று ஓரத்தில் குறித்து வருகிறது.

கூடவே ஒரு சந்தேகம். தேவை கூடினால் விலை ஏறும். விலை ஏறினால் தேவை குறையும். அப்படியென்றால் விலை திரும்ப இறங்க வேண்டாமா? இதை எப்படி எழுதுவது?

பதில் 1 (பதிந்தவர்: வளைகோடு)

சந்தேகத்திலிருந்தே தொடங்குகிறேன். வரைபடப் பிழைகளில் பெரும்பாலானவை அதே இடத்தில்தான் முளைக்கின்றன. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் 'தேவை' என்ற சொல் இரண்டு பொருளில் வந்திருக்கிறது. முதலில் வருவது முழுத் தேவைக்கோடு. இரண்டாவதாக வருவது அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி, அதாவது தேவைப்படும் அளவு. பொருளின் சொந்த விலை மாறினால் புள்ளி மட்டும் அதே கோட்டில் நகரும். அதுதான் தேவை விரிவும் சுருக்கமும். வருமானம், விருப்பம், பதிலீட்டுப் பொருளின் விலை, மக்கள் தொகை, எதிர்பார்ப்பு ஆகியவற்றில் ஏதாவது மாறினால்தான் கோடே இடம்பெயரும்.

இப்போது சரியான சங்கிலியைப் பாருங்கள். வருமானம் கூடியதால் தேவைக்கோடு வலப்புறம் இடம்பெயர்கிறது. பழைய விலையிலேயே வாங்க விரும்பும் அளவு, விற்க விரும்பும் அளவை மிஞ்சுகிறது. மிகைத் தேவை உண்டாகிறது. அதனால் விலை ஏறுகிறது. ஏற ஏற, விற்போர் அதே அளிப்புக்கோட்டின் மேல் நகர்ந்து அதிகம் விற்க முன்வருகிறார்கள். வாங்குவோர் புதிய தேவைக்கோட்டின் மேல் நகர்ந்து அளவைக் குறைக்கிறார்கள். இரண்டும் சமமாகும் இடத்தில் ஏற்றம் நிற்கிறது. அங்கே மிகை அளிப்பு எதுவும் இல்லை, ஆகவே விலை இறங்கக் காரணமும் இல்லை. 'விலை ஏறியதால் அளிப்புக்கோடும் வலப்புறம் நகர்ந்தது' என்று ஒரு வரி சேர்த்தால் முழு விடையும் கெட்டுவிடும். மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுதான்.

வரைபடத்தை வரைந்து முடித்ததும் கண்ணை ஓட்டிப் பார்க்க வேண்டியவை: செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் அளவு, ஒவ்வொரு கோட்டுக்கும் பெயர், பழைய, புதிய சமநிலைப் புள்ளிகள் இரண்டும், இரண்டிலிருந்தும் இரண்டு அச்சுகளுக்கும் புள்ளிக்கோடு, நகர்வைக் காட்டும் அம்புக்குறி. பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் வரையுங்கள். சின்னப் படத்தில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எது எந்தக் கோடு என்று திருத்துபவருக்குத் தெரியாது. விளக்கம் படத்தைச் சுட்டிப் பேச வேண்டும்: 'டி1 என்பது டி2 ஆக, விலை பி1 இலிருந்து பி2 ஆக' என்பது போல. படம் ஒருபுறமும் உரை ஒருபுறமும் தனித்தனியே நின்றால்தான் பாதி மதிப்பெண்.

கணிதத்தில் நன்றாகத் தேறியவர்கள் அச்சுகளை மாற்றிப் போடுவது உண்டு. கணித வழக்கப்படி காரணமான மாறி கிடை அச்சில் வரும். இங்கே விலை செங்குத்தில் நிற்கிறது. ஆல்ஃபிரட் மார்ஷல் அப்படி வரைந்ததால் நிலைத்த மரபு இது, அதை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

இன்னொரு பொறி விலை உச்சவரம்பு. 'உச்சம்' என்ற சொல்லைப் பார்த்ததும் கோட்டைச் சமநிலைக்கு மேலே போட்டுவிடுகிறார்கள். மேலே போட்டால் சந்தையில் எதுவும் மாறாது. சமநிலை விலைக்குக் கீழே இருந்தால்தான் அது கட்டுப்படுத்தும், பற்றாக்குறையும் தோன்றும். குறைந்தபட்ச விலைக்கு இதற்கு நேர் எதிர்: மேலே இருக்க வேண்டும், விளைவு உபரி.

பதில் 2 (பதிந்தவர்: எண்ணும் விளக்கமும்)

கணக்குக்கு வருகிறேன். சூத்திரம் தெரிந்தும் விடை தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதுதான்.

விலை 10 இலிருந்து 12 ஆகிறது, அளவு 200 இலிருந்து 170 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை மாற்றம் 2 ÷ 10, அதாவது 20 சதவீதம். அளவு மாற்றம் 30 ÷ 200, அதாவது குறை 15 சதவீதம். நெகிழ்ச்சி, அதாவது அளவு மாற்ற சதவீதத்தை விலை மாற்ற சதவீதத்தால் வகுத்தது, குறை 0.75. வகுக்க வேண்டியது பழைய எண்ணால். 2 ÷ 12 என்று எழுதினால் 16.7 வந்து எல்லாம் குழம்பும். இரண்டாவது பிழை தலைகீழாக வகுப்பது. அளவு மாற்றம் எப்போதும் மேலே. விடை கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். குறைக்குறியை விட்டுப் பார்த்தால் 1 ஐ விடக் குறைவு, ஆகவே நெகிழ்ச்சி குறைந்த தேவை, ஆகவே விலையை ஏற்றினால் மொத்த வருவாய் கூடும் என்று எழுதுங்கள். சரிபார்ப்பும் அதிலேயே இருக்கிறது: 10 × 200 = 2000, 12 × 170 = 2040. கூடியிருக்கிறது, விடை சரி.

பாடநூல் நடுப்புள்ளி முறையைச் சொல்லியிருந்தால் வகுக்கும் எண்கள் 11, 185. விடை ஏறத்தாழ குறை 0.89 ஆகும். இரண்டு முறையும் சரிதான். ஒரே கணக்கில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

செலவு அட்டவணையில், உற்பத்தி 0 முதல் 5 வரை மொத்தச் செலவு 100, 150, 180, 220, 280, 370 என்று கொடுத்திருந்தால், முதலில் 0 அலகில் உள்ள 100 ஐ வட்டமிடுங்கள். அதுதான் மாறாச் செலவு. உற்பத்தியே இல்லாதபோதும் செலவு இருப்பதால் அதை அடையாளம் காணலாம். இறுதிநிலைச் செலவு என்பது அடுத்தடுத்த மொத்தச் செலவுகளின் வேறுபாடு: 50, 30, 40, 60, 90. இதை அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்துவிட்டால் அது இறுதிநிலை அல்ல. சராசரி மொத்தச் செலவு 150, 90, 73.3, 70, 74. நான்காவது அலகு வரை இறுதிநிலைச் செலவு சராசரிக்குக் கீழே இருக்கிறது, சராசரி இறங்குகிறது. ஐந்தாவதில் 90 வந்து 70 ஐத் தாண்டுகிறது, சராசரி ஏறுகிறது. 'இறுதிநிலைக்கோடு சராசரிக்கோட்டை அதன் தாழ்ந்த புள்ளியில் ஏன் வெட்டுகிறது' என்ற வினாவுக்கு இந்த எண்களே விடை, மனப்பாடம் தேவையில்லை.

பெருக்கி என்பது முதலீடு கூடினால் வருமானம் அதைப்போல் எத்தனை மடங்கு கூடும் என்பது. இறுதிநிலை நுகர்வு நாட்டம், அதாவது கூடும் வருமானத்தில் நுகர்வுக்குப் போகும் பங்கு, 0.8 என்றால் பெருக்கி 1 ÷ 0.2 = 5. முதலீடு 50 கூடினால் வருமானம் 250 கூடும். 50 ஐ 0.8 ஆல் பெருக்கி 40 என்று எழுதினால் அது இரண்டாம் சுற்றுச் செலவு மட்டும்.

விலைக் குறியீட்டெண் 120 இலிருந்து 126 ஆனால் பணவீக்கம் 5 சதவீதம், 6 அல்ல. பணவீக்க வீதம் 8 இலிருந்து 5 ஆகக் குறைந்தால் விலைகள் இறங்கின என்று எழுதக் கூடாது. அவை இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன, வேகம் மட்டும் தணிந்திருக்கிறது. வீதம் பூச்சியத்துக்குக் கீழே போனால்தான் பணவாட்டம்.

செலவு முறையில் உள்நாட்டு மொத்த உற்பத்தி கேட்டால், பட்டியலில் வேண்டுமென்றே சேர்த்திருக்கும் எண்களை முதலில் அடித்துவிடுங்கள்: ஓய்வூதியம் போன்ற மாற்றுச் செலுத்துதல்கள், பழைய பொருள் விற்பனை, பங்கு வாங்கியது, இடைநிலைப் பொருள்கள். பிறகு கூட்டுங்கள். நுகர்வு 600, முதலீடு 150, அரசுச் செலவு 200, ஏற்றுமதி 120, இறக்குமதி 140 என்றால் விடை 930.

மறுமொழி (மேல்நிலை மாணவி)

மிக்க நன்றி. 2000, 2040 என்று சரிபார்க்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. மறைமுக வரியில் மட்டும் இன்னும் குழப்பம். வரி முழுவதும் வாங்குபவர் தலையில் விழும் என்று எழுதினால் ஏன் தவறு?

பதில் 3 (பதிந்தவர்: வளைகோடு)

ஓர் அலகுக்கு 4 வரி போட்டால் அளிப்புக்கோடு செங்குத்தாக 4 மேலே போகும். விலையும் 4 ஏறுமா என்பது தேவைக்கோடு, அளிப்புக்கோடு இரண்டின் சரிவையும் பொறுத்தது. சமநிலை விலை 10, அளவு 200 ஆக இருந்து, வரிக்குப் பின் விலை 13, அளவு 160 என்று வைப்போம். வாங்குபவர் சுமப்பது 3. விற்பவர் கைக்கு வருவது 13 − 4 = 9, முன்பு 10; அவர் சுமப்பது 1. அரசுக்கு வருவாய் 4 × 160 = 640. பழைய அளவான 200 ஆல் பெருக்கி 800 என்று எழுதுவது வழக்கமான பிழை. விற்காத பொருளுக்கு வரி கிடையாது.

காரணம் கேட்டால் நெகிழ்ச்சியைச் சொல்லுங்கள். இந்த எண்களில் தேவை நெகிழ்ச்சி 20 ÷ 30, சுமார் 0.67. விற்பவர் பெறும் விலை 10 சதவீதம் குறைய அளவு 20 சதவீதம் குறைந்திருக்கிறது, ஆகவே அளிப்பு நெகிழ்ச்சி 2. விலகிப் போக முடியாதவர் மேல் சுமை அதிகம் விழும். இங்கே அது வாங்குபவர். 2 க்கு 0.67 என்பது 3 க்கு 1, சுமை பிரிந்த விகிதமும் அதுவே. தேவை முற்றிலும் நெகிழ்ச்சியற்றதாக, கோடு செங்குத்தாக இருந்தால் நீங்கள் எழுதியது சரியாகிவிடும்.

பதில் 4 (பதிந்தவர்: தாள் திருத்துபவர்)

நெடுவினா பற்றி. 'காரணம் இல்லை' என்று குறிப்பது, ஒரு படியிலிருந்து நான்காம் படிக்குத் தாவியிருக்கும்போது. 'மைய வங்கி வட்டியை உயர்த்தினால் பணவீக்கம் குறையும்' என்பது தாவல். கடன் வாங்கும் செலவு ஏறுகிறது. தவணையில் வாங்குவோரும் கடனில் முதலீடு செய்வோரும் தள்ளிப்போடுகிறார்கள். சேமிப்புக்குப் பலன் கூடுகிறது. நுகர்வும் முதலீடும் குறைவதால் மொத்தத் தேவை குறைகிறது. விலைகள் மேல் உள்ள அழுத்தம் தணிகிறது. இப்படி ஒவ்வொரு கண்ணியையும் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் 'ஏன்?' என்று கேட்டு, அதற்கு அடுத்த வாக்கியம் விடை சொல்கிறதா என்று பார்த்தால் போதும்.

'மதிப்பிடுக' என்றால் இதோடு நிற்கக் கூடாது. இந்தச் சங்கிலி எங்கே அறுபடும் என்பதும் வேண்டும். பணவீக்கம் மூலப்பொருள் விலையேற்றத்தால் வந்திருந்தால் தேவையைக் குறைப்பது மூலகாரணத்தைத் தொடாது, வேலையின்மை கூடலாம். விளைவு தெரியவும் மாதக்கணக்கில் ஆகும். பிறகு எந்தச் சூழலில் இந்தக் கொள்கை பொருந்தும் என்று ஒரு முடிவு எழுதுங்கள். 'நன்மையும் தீமையும் உண்டு' என்பது முடிவாகாது. 'விளக்குக' என்று மட்டும் கேட்டிருந்தால் இந்தப் பகுதி நேர விரயம்.

'வேறுபடுத்துக' வினாவில் இடப்பக்கம் சொன்ன அதே கூற்றை வலப்பக்கத்திலும் பேசுங்கள். இடப்பக்கம் பொருள் விளக்கம், வலப்பக்கம் எடுத்துக்காட்டு என்று இருந்தால் அது வேறுபாடு ஆகாது. அரசின் பற்றாக்குறையும் கடனும் வேறு: முதலாவது ஓர் ஆண்டின் ஓட்டம், இரண்டாவது இதுவரை சேர்ந்த இருப்பு. இந்த ஒரு வரிக்கே மதிப்பெண் உண்டு.

நேரம்: மொத்த நிமிடங்களிலிருந்து சரிபார்க்க 15 ஐக் கழித்து, மொத்த மதிப்பெண்ணால் வகுங்கள். 180 நிமிடம், 90 மதிப்பெண் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 4 மதிப்பெண் வினாவில் 7 நிமிடத்தைத் தாண்டினால் அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

பதில் 5 (பதிந்தவர்: படிப்பறை)

மேலே 'மனப்பாடம் தேவையில்லை' என்று வந்ததில் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். வரையறைகளைச் சொல் பிசகாமல் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். பொருளியல் என்றால் என்ன என்பதற்கு ஆடம் ஸ்மித் 1776 செல்வ இலக்கணம், மார்ஷல் 1890 நல இலக்கணம், ராபின்ஸ் 1932 பற்றாக்குறை இலக்கணம்: ஆண்டோடு எழுதினால் விடை உறுதியாக நிற்கும். தேவை விதியில் 'பிற காரணிகள் மாறாதிருக்கையில்' என்ற தொடர் விடுபட்டால் விதியே தவறு. வருமானம் கூடும்போது விலையேற்றத்தோடு விற்பனையும் கூடலாமே.

சொல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில நூல்கள் தேவை, அளிப்பு என்கின்றன, சில கேள்வி, நிரம்பல் என்கின்றன. இறுதிநிலை என்பதை எல்லை என்றும் எழுதுவார்கள். இணையத்தில் பல இடங்களில் படித்துவிட்டு ஒரே விடையில் இரண்டையும் கலக்காதீர்கள். உங்கள் பாடநூலின் சொல்லையே கடைசிவரை பயன்படுத்துங்கள்.

5 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் இரண்டு வாரம் தினமும் 3 வரைபடம், நூலை மூடி வைத்து, பிறகு திறந்து ஒப்பிட்டு. அதே நாள்களில் 2 கணக்கு. மூன்றாம் வாரம் நெடுவினாக்களுக்கு முழு விடை எழுதாமல் சங்கிலியை மட்டும் ஐந்தாறு கண்ணிகளாக எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் 6 வினா முடியும். நான்காம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் கடிகாரம் வைத்து முழுத் தாள். இடைப்பட்ட நாளில் புதிதாக எதுவும் படிக்காமல், இழந்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே காரணத்தை ஒரே சொல்லில் குறியுங்கள்: பெயரிடல், வகுஎண், தாவல், நேரம். இரண்டு தாள் முடிந்ததும் எந்தச் சொல் அதிகம் வந்திருக்கிறதோ, ஐந்தாம் வாரம் முழுவதும் அதற்குத்தான்.