காய்ச்சல் விட்டதும் டெங்கு மோசமாகுமா?

பீஷான்_பையன்: மெடிசின் மூணாம் வருஷம் நான். எங்க புளோக் கீழ சிவப்பு டெங்கு பேனர் தொங்குது, அத்தைக்கு அஞ்சு நாளா காய்ச்சல், இன்னைக்கு விட்டுடுச்சு, ஆனா வயித்து வலி, ரெண்டு தடவை வாந்தி, என்எஸ்1 (ரத்தத்துல டெங்கு வைரஸோட புரதத்தைத் தேடுற டெஸ்ட்) நெகட்டிவ்னு சொல்லிட்டாங்க, அப்போ டெங்கு இல்லதானே?

நைட்ஷிப்ட்_அக்கா: தம்பி, முதல்ல அத்தைய ஏ&ஈ-க்கு (அவசர சிகிச்சைப் பிரிவு) கூட்டிட்டுப் போ, அப்புறம் படிக்கலாம். என்எஸ்1 முதல் சில நாள்லதான் நல்லா பிடிபடும், அஞ்சாம் நாள் நெகட்டிவ் வந்தா டெங்கு இல்லன்னு ஆகாது, ஐஜிஎம்மும் (உடம்பு உண்டாக்குற எதிர்ப்புப் புரதம்) பாக்கணும். காய்ச்சல் விடுற நேரத்துலதான் ரத்தக்குழாய்லேர்ந்து பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட நீர்ப்பகுதி கசியும், அதனால ஹிமட்டோகிரிட் (ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு காட்டுற அளவு) ஏறும், ரத்தம் உறைய உதவுற பிளேட்லெட் சரசரன்னு இறங்கும். விடாத வயித்து வலி, வாந்தி, ஈறுல ரத்தம், சோர்வு எல்லாமே எச்சரிக்கை.

தேக்கா_டீ: ப்ரூஃபன் கொடுத்துடாதீங்க லா, பாரசிட்டமால் மட்டும். பப்பாளி இலைச் சாறுன்னு பாட்டி ஆரம்பிப்பாங்க...

நைட்ஷிப்ட்_அக்கா: ஆமா. பிளேட்லெட் குறைஞ்ச உடனே ஏத்தணும்னும் இல்ல, ரத்தக்கசிவு இல்லாத பெரியவங்களுக்கு முன்கூட்டி ஏத்துறதுல பலன் இல்லைன்னு சிங்கப்பூர், மலேசியாவுல நடந்த ஆய்வு 2017ல வந்துச்சு. ஐவி டிரிப்பை அளவா கொடுக்கறதுதான் கஷ்டம், அதிகமானா நுரையீரல்ல நீர் சேரும்.

பீஷான்_பையன்: டாக்ஸியில இருக்கோம்க்கா. ஹிமட்டோகிரிட் 49ஆம், போன வாரம் 40.