லைப்போபிளாஸ்டோமா: 'புற்று' வேண்டாம், 'பிஞ்சுக் கொழுப்புக்கட்டி'ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம். சின்னக் குழந்தைகளுக்கு வர்ற லைப்போபிளாஸ்டோமாங்கற கொழுப்புக் கட்டிக்குத் தமிழ்ல என்ன பேர் வைக்கலாம்னு இங்க பேசினதுல இதுவரைக்கும் வந்த சொற்களெல்லாம் பாத்தேன். அதுல 'கொழுப்பு மூலச்செல் புற்று'ங்கறத மட்டும் தயவுசெஞ்சு எடுத்துடலாம், ஏன்னா இது புற்றே கிடையாது. நியூரோபிளாஸ்டோமா, ரெட்டினோபிளாஸ்டோமா, ஹெப்பட்டோபிளாஸ்டோமா மூணும் புற்றுங்கறதால அதே 'பிளாஸ்டோமா'ங்கற வால் இருக்குன்னு இதையும் அந்த வரிசைல சேத்துடறோம், ஆனா இது உடம்புல வேற இடத்துக்குப் போய் உக்காராத சாதாக்கட்டி. பயாப்சி ரிப்போர்ட்ட கைல வச்சிக்கிட்டு நிக்கற அப்பா அம்மாவுக்கு 'புற்று'ன்னு ஒரு சொல் கண்ணுல பட்டுட்டா அதுக்கப்புறம் டாக்டர் சொல்ற எதுவும் காதுல ஏறாது.

இது என்னன்னா, கருவுல உருவாகற வெள்ளைக் கொழுப்பு செல் முதிராத நிலைலயே பெருகிக் கட்டியாகறது. பெரும்பாலும் 3 வயசுக்குள்ள வரும், கை கால்லயும் உடம்புலயும்தான் அதிகம். விரைப்பை, பெண்குழந்தையோட புறவிதழ், தொடை இடுக்கு இங்கெல்லாம் ரொம்ப அபூர்வம். ஆனா 1926ல ஜாஃபேங்கற மருத்துவர் இந்தப் பேர எழுதினப்ப அவர் கட்டுரையே தொடை இடுக்குல திரும்பத் திரும்ப வந்த கொழுப்புக்கட்டிகளப் பத்தினதுதான்.

இந்த மாதிரி இடங்கள்ல வந்தா கண்டுபிடிக்கறது ஏன் கஷ்டம்னா, குழந்தையக் குளிப்பாட்டறப்ப வீக்கம் தெரிஞ்சதும் வீட்லயும் சரி ஆஸ்பத்திரிலயும் சரி முதல்ல குடலிறக்கம் இல்லன்னா ஓதம் (நீர் கோத்துக்கற வீக்கம்)னுதான் நினைப்பாங்க, அதுதான் சகஜமும் கூட. குடலிறக்கம்னா அழும்போது பெருசாகும், மெதுவா அமுக்கினா பெரும்பாலும் உள்ள போகும். பெண்குழந்தைக்கு அதுக்குள்ள சினைப்பையே இறங்கி இருக்கலாம். ஓதம்னா ரூம இருட்டாக்கி டார்ச்ச ஒட்டி வச்சா சிவப்பா ஒளி ஊடுருவும். இந்தக் கட்டி அழுதாலும் சிரிச்சாலும் அதே அளவுல மெத்துனு இருக்கும், வலிக்காது, மாசக்கணக்குல வளந்துகிட்டே போகும். அல்ட்ராசவுண்ட்ல குடலா, நீரா, விரை தனியா இருக்கான்னு தெரிஞ்சிடும். அப்புறம் எம்ஆர்ஐல கொழுப்ப மங்க வைக்கற படம் எடுத்தா கொழுப்பா இல்லையான்னு ஓரளவு தெரியும், ஆனா சின்னக் குழந்தைல முதிராத கொழகொழப்பான பகுதி ஜாஸ்தி இருந்தா படத்துல கொழுப்பாவே தெரியாது, லைப்போசார்கோமாங்கற புற்று மாதிரியே இருக்கும். கடைசில திசுவ மைக்ராஸ்கோப்ல பாத்துதான் முடிவு. சந்தேகம் தீரலன்னா இந்தக் கட்டிக்கு அடையாளமா 8ஆம் குரோமோசோம்ல இருக்கற பிளாக்-1 (PLAG1) ஜீன் இடம் மாறியிருக்கான்னு பாப்பாங்க. லைப்போசார்கோமா இந்த வயசுல வர்றதும் அபூர்வத்துலயும் அபூர்வம். மலவாய்ப் பக்கம் கட்டி இருந்தா மலவாய் சரியா அமைஞ்சிருக்கா, முதுகுத்தண்டுல குறை இருக்கான்னும் சேத்துப் பாக்கணும்.

இப்ப சொல்லுக்கு வர்றேன். என் முன்மொழிவு 'பிஞ்சுக் கொழுப்புக்கட்டி'. கொழுப்புக்கட்டிங்கறது ஏற்கெனவே ஜனங்க வாய்ல இருக்கற சொல். 'பிஞ்சு'ங்கறது இன்னும் முதிரலன்னு சொல்லுது, அது உண்மையும் கூட, ஏன்னா சில குழந்தைகள்ல இந்தக் கட்டி நாளாக ஆக முதிர்ந்து வெறும் கொழுப்புக்கட்டியா மாறினது பதிவாயிருக்கு. 'குழந்தைக் கொழுப்புக்கட்டி'ன்னு வைக்க முடியாது, முதிர்ந்த கொழுப்பால ஆன சாதாரண லைப்போமாவும் குழந்தைக்கு வரும். 'முளையக் கொழுப்புக்கட்டி'யும் தப்பில்ல, இலங்கைப் பாடநூல்ல முளையம் கரு நிலையக் குறிக்கற சொல்தான், ஆனா இங்க தமிழ்நாட்டுல படிக்கறவங்க கட்டி முளைச்சிருக்குன்னு எடுத்துப்பாங்க.

இன்னொண்ணு, உறையில்லாம தசைக்குள்ள ஊடுருவற வகை, லைப்போபிளாஸ்டோமடோசிஸ், 1958ல வெல்லியோஸ்ங்கற மருத்துவரோட குழு வச்ச பேர். இதுக்கு 'பரவல்'னு ஒருத்தர் போட்டிருந்தார். ஐயா, 'பரவிடுச்சு'ன்னாலே நம்ம ஊர்ல புற்றுநோய் முத்திடுச்சுன்னுதான் அர்த்தம். 'படர் பிஞ்சுக்கொழுப்பு'ன்னு வைங்க. படர்றதுல இருந்த இடத்துலயே விரியறதுங்கற பொருள் இருக்கு. இந்த வகைலதான் ஆபரேஷன்ல முழுசா எடுக்கறது கஷ்டம், விரைப்பைல இருந்தா விரைக்குப் போற ரத்தக்குழாயையும் விந்துக்குழாயையும் காப்பாத்திக்கிட்டே எடுக்கணும், கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் திரும்ப வளரலாம், அதனால சில வருஷம் செக்கப்புக்கு வரச் சொல்வாங்க. அப்படித் திரும்ப வந்தா அதுக்கும் 'மறுவளர்ச்சி'ன்னே போடலாம், 'நோய் மீள்வு' வேண்டாம்.

பதிவேட்டுல இடத்தோட சேத்து எழுதறப்ப 'விரைப்பைப் பிஞ்சுக் கொழுப்புக்கட்டி', 'புறவிதழ்ப் பிஞ்சுக் கொழுப்புக்கட்டி'ன்னு வரும். கொஞ்சம் நீளம்தான், சுருக்க வழி இருந்தா சொல்லுங்க, 'கட்டி'ய மட்டும் விட்டுடாதீங்க.