"உறைகடன்" வேண்டாம், "பொதிசொல்" ஆகட்டும்

அன்பு நண்பர்களுக்கு,

கடன் கொடுத்த மொழிகளில் தேய்ந்துபோன பழைய வடிவம், கடன் வாங்கிய மொழியில் பிழைத்திருப்பதுண்டு. அத்தகைய சொல்லுக்கு "உறைகடன்" என்று நேற்று ஒரு முன்மொழிவு வந்தது. கருத்து சரி, பெயரில்தான் எனக்கு உடன்பாடில்லை. கடன் என்றதும் வங்கி நினைவுக்கு வருகிறது. உறை என்றால் எதுவுமே மாறாமல் பனிக்கட்டியாக நின்றுவிட்டது போலத் தோன்றுகிறது.

பின்லாந்தின் பின்னிஷ் மொழியைப் பாருங்கள். அங்கே அரசன் "குனிங்கஸ்". இது ஜெர்மானிய மொழிகளிடம் வாங்கிய சொல். அம்மொழிகளின் பொதுத் தாயான மூல ஜெர்மானியத்துக்கு ஒப்பியல் அறிஞர்கள் மீட்டமைத்த வடிவமும் ஏறக்குறைய இதுவே. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளான ஆங்கிலத்தில் அது "கிங்", சுவீடிஷில் "குங்". வளையத்துக்கு "ரெங்கஸ்", இன்று கார் டயருக்கும் அதே பெயர். ஆங்கில "ரிங்"கில் எகரம் இகரமாகிவிட்டது, ஈறும் உதிர்ந்துவிட்டது. பின்னிஷ் இரண்டையும் விடவில்லை.

ஆனால் கரையைக் குறிக்கும் "ரன்தா" வேறு விதம். மூலச்சொல் "ஸ்த்ரந்தோ" போன்றது. சொல்லின் முதலில் மெய்கள் அடுக்கி வருவதைப் பழைய பின்னிஷ் ஏற்காது. நாம் "இஸ்கூல்" என்று முன்னே ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்கிறோம். அவர்கள் தலையை வெட்டிவிட்டார்கள். எனவே இச்சொல் முதல் மெய்களை இழந்து ஈற்றுயிரைக் காத்தது. இதை உறைந்தது என்று எப்படிச் சொல்வது?

"பொதிசொல்" என்பது என் பரிந்துரை. பொதிந்த, பொதிகின்ற, பொதியும் சொல் என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. பொதிசோற்றை எண்ணிப் பாருங்கள்: இலை வாடியிருக்கும், உள்ளே வீட்டுச் சமையல் இருக்கும்.

எல்லாக் கடன்சொல்லும் பொதிசொல் ஆகாது என்பதையும் வரையறையில் எழுதிவிட வேண்டும். பள்ளியைக் குறிக்கும் "கோவுலு" சுவீடிஷ் வழி வந்த வெறும் கடன்சொல். நூறு என்னும் பொருளுள்ள "ஸதா" சமஸ்கிருதம் அடங்கிய இந்தோ-இரானியக் கிளையிலிருந்து போனது. நம் சதவீதத்தில் உள்ள சதத்துக்கு உறவு. ஆனால் அதன் பழமையைச் சமஸ்கிருதமே காத்து வைத்திருக்கிறது. பின்னிஷ் தனியாகக் காத்தது ஒன்றுமில்லை.

ஒன்றில் மட்டும் எனக்கு முடிவு எட்டவில்லை. தாய்க்குப் பின்னிஷில் "ஆய்த்தி". (நம் "ஆய்" உடன் இணைக்க யாரும் முனைய வேண்டாம், அந்த ஒலி ஒப்புமை தற்செயலானது.) இதுவும் ஜெர்மானியக் கடன்தான், அழிந்துபோன பழைய ஜெர்மானிய மொழியான காத்திக்கில் இதன் இணைச்சொல் பதிவாகியிருக்கிறது. பின்னிஷின் சொந்தச் சொல்லான "எமோ" இப்போது விலங்குகளின் தாய்க்கு ஒதுங்கிவிட்டது. சுவீடிஷிலும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் "ஆய்த்தி"யின் இணைச்சொல்லே வழக்கில் இல்லை. வடிவம் மட்டுமன்றிச் சொல்லே கொடுத்த வீட்டில் அழிந்திருந்தால், அதையும் பொதிசொல்லில் அடக்கலாமா, தனிப்பெயர் வேண்டுமா? அடக்கலாம் என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள்.