கேனான் கையில் இருக்கும்போது பழைய நிக்கான் வாங்கலாமா?

குழு: நம்ம வீடு

வெள்ளி

நான்: எல்லோரிடமும் ஒன்று கேட்க வேண்டும். தம்பி ஆடும் பேட்மின்டன் மேட்ச்களை உள்ளரங்கில் எடுத்தால் என் கேனான் 700டி-யில் பாதிப் படங்கள் கலங்கிப்போகின்றன. செகண்ட் ஹேண்டில் ஒரு நிக்கான் டி5300 வந்திருக்கிறது. வாங்கலாமா?

அக்கா: எதற்கு இன்னொரு கம்பெனி? கேனானிலேயே பழைய 80டி பார். உன் லென்ஸ், ஃப்ளாஷ் எல்லாம் அப்படியே பொருந்தும்.

நான்: மாமாவிடம் நிக்கான் லென்ஸ்கள் சும்மா இருக்கின்றன அக்கா. எடுத்துக்கொள் என்று அவரே சொன்னார். அதனால்தான் யோசிக்கிறேன்.

மாமா: மூன்று இருக்கின்றன. 50 எம்எம் எஃப் 1.8டி, 80-200 எஃப் 2.8டி, அப்புறம் ஃபிலிம் காலத்து 105 எம்எம் எஃப் 2.5, அது கையால் ஃபோகஸ் செய்வது. எஃப் எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும். மூன்றிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், ஃபங்கஸ் இல்லை. ஆனால் டி5300 வேண்டாம்மா.

நான்: ஏன் மாமா? 24 மெகாபிக்சல், படமெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது?

மாமா: சென்சாரில் குறை சொல்லவில்லை. பெயரில் டி என்று முடியும் அந்த இரண்டும் ஏஎஃப்-டி வகை, லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடிக்குள், அதாவது கேமராவுக்குள், இருக்கும் மோட்டார், லென்ஸ் மாட்டும் மவுன்ட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் திருகு வழியாக லென்ஸைச் சுற்றி ஃபோகஸ் செய்யும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டாரையே வைக்கவில்லை. டி7000 வரிசையில் உண்டு. டி5300-ல் 80-200-ஐ மாட்டினால் வளையத்தை நீதான் திருப்ப வேண்டும். ஷட்டில் பின்னால் ஓடுகிறவனை அப்படிப் பிடிக்க முடியுமா?

தம்பி: முடியவே முடியாது 😄

சித்தப்பா: பென்டாக்ஸ் பார்த்தாயா? என் நண்பர் கே-50 வைத்திருக்கிறார். மழையில் நனைந்தாலும் பயமில்லை, கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதியும் பாடிக்குள்ளேயே இருக்கிறது. எந்தப் பழைய லென்ஸைப் போட்டாலும் அது வேலை செய்யும்.

மாமா: சித்தப்பா சொல்வது உண்மைதான், பென்டாக்ஸில் அது பெரிய வசதி. ஆனால் அது நம் கை நடுக்கத்தை மட்டும்தான் தடுக்கும், ஓடுகிறவனை நிறுத்தாது. இன்னொன்று, கே-30, கே-50 இரண்டிலும் வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரை அசைக்கும் சின்னக் காந்தப் பகுதி பழுதாகிப் படம் கறுப்பாக வருவது பலருக்கும் தெரிந்த குறை. வாங்குவதாக இருந்தால் கேமராவை ஒருநாள் முழுக்கத் தொடாமல் வைத்துவிட்டு, முதலில் எடுக்கும் சில படங்களைப் பார்க்க வேண்டும். ஆறிக்கிடந்த கேமராவில்தான் அது முதலில் தலைகாட்டும்.

சித்தப்பா: இது எனக்குப் புதிது. அவரிடமும் சொல்லிவைக்கிறேன்.

அக்கா: மாமா, நிக்கான் லென்ஸைக் கேனானில் மாட்ட ஒரு வளையம் விற்கிறார்களே? அதை வாங்கினால் பாடியே வாங்க வேண்டாமே.

மாமா: நல்ல கேள்வி. நிக்கானில் மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை 46.5 மில்லிமீட்டர். கேனானில் 44. அந்த இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரு உலோக வளையம் உட்கார்ந்துவிடும், கண்ணாடி எதுவும் தேவையில்லை. கேனான் லென்ஸை நிக்கானில் அப்படி மாட்ட முடியாது, தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது. வளையத்தோடு 105-ஐ உன் 700டி-யில் மாட்டி, லைவ் வியூவில், அதாவது பின்திரையில் பார்த்து, பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஆளை உட்காரவைத்து எடுத்தால் அழகாக வரும். ஆனால் ஆட்டோஃபோகஸ் இல்லை. மேட்ச்சுக்கு உதவாது.

நான்: அப்படியானால் அக்கா சொன்ன 80டி-யா, டி7000 வரிசையா?

அக்கா: 80டி-க்காக நான் கொஞ்சம் வாதாடுகிறேன். ஃபோகஸ் புள்ளி 45, எல்லாமே கிராஸ் டைப், குறுக்கும் நெடுக்குமாகப் பார்ப்பவை. மையப் புள்ளி மைனஸ் 3 ஈவி வெளிச்சத்திலும் பிடிக்கும், ஈவி எண் குறையக் குறைய இருட்டு அதிகம். உன் 700டி மைனஸ் அரை வரைதான். வீடியோவுக்குச் சென்சாரிலேயே வேகமாகப் பிடிக்கும் டூயல் பிக்சல் ஃபோகஸ் இருக்கிறது, நிக்கான் டி7000 வரிசை எதுவும் லைவ் வியூவில் அதன் பக்கத்தில் வராது. இதையெல்லாம்விட முக்கியமானது ஒன்று: அரங்கத்து விளக்கின் துடிப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கித் தெளியும். 1/500 நொடி ஷட்டரில் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது மஞ்சளாக, அடுத்தது இருட்டாக வரும். 80டி அந்தத் துடிப்பைக் கணக்கிட்டு, வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஷட்டரைத் திறக்கும். டி7200-ல் புகைப்படத்துக்கு இந்த வசதி இல்லை.

மாமா: இது சரியான வாதம். இதற்குப் பதில் என்னிடம் இல்லை, அந்த அரங்கத்திடம்தான் இருக்கிறது. எல்லா விளக்கும் துடிப்பதில்லை. 700டி-யை எடுத்துக்கொண்டு போ. மேனுவல் மோடு, 1/500, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 6400, நிறத்தைச் சமன்செய்யும் வெண்சமநிலையை ஆட்டோவில் விடாமல் ஒன்றில் நிறுத்து. வெறும் சுவரைப் பார்த்துத் தொடர்ச்சியாக இருபது படம் எடு. எல்லாம் ஒரே நிறமாக இருந்தால் துடிப்பு ஒரு பிரச்சினையே இல்லை. மாறி மாறி வந்தால் அக்கா சொல்வதை வாங்கு, நானே சொல்கிறேன்.

அம்மா: கேமரா இருக்கும்போதே இன்னொன்று எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவன் ஆடுவது அழகாக வந்தால் சரி.

நான்: அம்மா, இப்போது இருக்கும் 55-250 லென்ஸில் ஜூம் செய்தால் எஃப் 5.6. மாமாவின் 80-200 முழுக்க எஃப் 2.8. நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். இன்று ஐஎஸ்ஓ 6400-ல் புள்ளி புள்ளியாக வருகிற படத்தை 1600-லேயே எடுக்கலாம்.

மாமா: அதுதான் விஷயம். பாடியை மாற்றினால் ஃபோகஸ் முன்னேறும், வெளிச்சத்தை மாற்றுவது லென்ஸ். 80டி-யோடு உன் 55-250-ஐ மாட்டினாலும் எஃப் 5.6 எஃப் 5.6-தான். கேனானில் 70-200 எஃப் 2.8 பழையதாகக் கிடைத்தாலும் பாடியைவிட அதற்குத்தான் அதிகம் கொடுக்க வேண்டும். இரண்டாவது கம்பெனிக்குப் போக ஒரே ஒரு நல்ல காரணம் வேண்டும். உனக்கு அந்த லென்ஸ்தான் காரணம். அது என் அலமாரியில் இல்லாவிட்டால் கேனானிலேயே இரு என்றுதான் சொல்லியிருப்பேன்.

அக்கா: ஒப்புக்கொள்கிறேன். முதலில் அரங்கத்தில் எடுத்துப் பார்.

சனி

நான்: எடுத்தாகிவிட்டது. எல்லாம் ஒரே நிறம். இரண்டு மூலையிலிருந்தும் எடுத்தேன், தம்பியும் பார்த்தான்.

தம்பி: ஆமாம், ஒன்றும் மாறவில்லை.

அக்கா: அப்படியென்றால் தாராளமாக நிக்கானுக்குப் போ. மனதார சொல்கிறேன்.

நான்: டி7100, டி7200, டி7500 மூன்றும் கண்ணில் படுகின்றன. புதியது என்று பார்த்தால் டி7500, 2017-ல் வந்தது. அதுதானே நல்லது?

மாமா: மூன்றிலும் மோட்டார் இருக்கிறது, ஏஎஃப்-டி ஓடும். ஆனால் டி7500-ல் மவுன்ட்டைச் சுற்றி இருந்த, பழைய லென்ஸின் அப்பர்ச்சரைக் கேமராவுக்குத் தெரிவிக்கும் நெம்புகோலை எடுத்துவிட்டார்கள். 105-ஐ மாட்டினால் மீட்டர் வேலை செய்யாது, ஊகித்துத்தான் எடுக்க வேண்டும். கார்டு போடும் இடமும் ஒன்றுதான், மற்ற இரண்டிலும் இரண்டு. டி7100 2013-ல் வந்தது, படம் அருமை, ஆனால் ராவில், அதாவது பதப்படுத்தாத பெரிய கோப்பாக, தொடர்ந்து எடுத்தால் சீக்கிரம் மூச்சு முட்டி நின்றுவிடும். ஒரு ராலியின் நடுவில் அது கொடுமை. டி7200 2015. படங்களைத் தற்காலிகமாகத் தேக்கும் பஃபர் பெரியது, ஃபோகஸ் மைனஸ் 3 ஈவி வரை. அதைத் தேடு.

நான்: ஒரு டி7200 கிடைத்திருக்கிறது மாமா! அவர் அனுப்பிய படத்தை இங்கே போடுகிறேன்.

[புகைப்படம்]

மாமா: இந்தப் படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கி, உள்ளே இருக்கும் எக்ஸிஃப் என்ற கேமரா விவரத்தையும் எடுத்துவிடும். கேமராவில் இன்று எடுத்த ஜேபெக்கை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல். நிக்கான் தன் ஷட்டர் கவுன்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை திறந்தது என்பதை, அந்தக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும். கூடவே எஃப் 22-ல், ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம், சென்சாரில் தூசி இருந்தால் தெரியும்.

நான்: கேட்டுவிட்டேன். கவுன்ட் 38,412. டி7200 ஷட்டரை 1,50,000 வரை சோதித்ததாக நிக்கான் சொல்கிறது, சரியா?

மாமா: சரி. அது உத்தரவாதம் இல்லை, ஒரு அளவுகோல். 38,000 நல்ல எண். சுவர் படம்?

நான்: மேல் மூலையில் இரண்டு மங்கலான புள்ளிகள்.

மாமா: ஓரம் கலைந்த வட்டமாக இருந்தால் பெரும்பாலும் தூசி, ஊதினாலே போய்விடும். ஊதியும் அதே இடத்தில் நின்றால் நன்றாகத் துடைக்க வேண்டும். கோடாக இருந்தால்தான் பயம், அது கீறலாக இருக்கலாம். நேரில் போகும்போது ஊதிவிட்டு மறுபடி எடுத்துப் பார். அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம், வேண்டாம் என்று திரும்ப வேண்டியதில்லை.

நான்: நாளை காலை போகிறேன். வேறென்ன பார்க்க வேண்டும்?

மாமா: 80-200-ஐ எடுத்துக்கொண்டு போ, அதுதான் முதல் சோதனை. அப்பர்ச்சர் வளையத்தை 22-ல் வைத்துப் பூட்டு. இல்லாவிட்டால் திரையில் எஃப்இஇ என்று காட்டி ஷட்டர் அமுங்காது. கேமரா கெட்டுவிட்டது என்று பதறாதே. மோட்டார் கரகரவென்று ஓடும், அது இயல்பு. பக்கத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிப் பிடித்துப் பார், தயங்காமல் போக வேண்டும். அப்புறம் செட்டப் மெனுவில் பேட்டரி விவரம் இருக்கும், பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புதியது வாங்கியாக வேண்டும். பிடிமான ரப்பர் கிளம்பியிருக்கிறதா என்றும் பார்.

அக்கா: நானும் ஒன்று சொல்கிறேன். லென்ஸ் மூடியைப் போட்டு 30 விநாடி ஒரு படம் எடு, சென்சாரில் கெட்ட புள்ளிகள் இருந்தால் சிவப்பும் நீலமுமாகச் சிதறித் தெரிந்துவிடும். பாடியின் வரிசை எண்ணைப் பெட்டியோடும் பில்லோடும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதே.

சித்தப்பா: தனியாகப் போகாதே, நான் வருகிறேன்.

ஞாயிறு

நான்: வாங்கிவிட்டோம்! தூசி ஊதியவுடன் போய்விட்டது. பேட்டரி வயது 1. ரப்பர் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் கிளம்பியிருக்கிறது, அதைச் சொல்லிச் சித்தப்பா விலையைக் குறைத்துவிட்டார். எஃப்இஇ வந்தது மாமா, விற்றவரே பயந்துவிட்டார், நான் வளையத்தைத் திருப்பிக் காட்டினேன் 😊

அம்மா: சார்ஜர் கொடுத்தார்களா?

நான்: கொடுத்தார்கள் அம்மா, கம்பெனி சார்ஜர்தான்.

அக்கா: வாழ்த்துகள். கேனான் ஃப்ளாஷை அதில் மாட்டி ஆட்டோவில் விடாதே. ஃப்ளாஷ் மாட்டும் இடத்தின் நடுப்புள்ளி மட்டும்தான் பேசும், மேனுவலில் வை. எஸ்டி கார்டு அதையே போடலாம், ஆனால் புதுக் கேமராவில் ஃபார்மேட் செய்துவிட்டுப் போடு.

நான்: ஜூம் வளையமும் லென்ஸ் மாட்டும் திசையும் எனக்குப் பழகியதற்கு எதிர்ப்பக்கமாக இருக்கின்றன அக்கா. விரல் தானாகக் கேனான் பக்கம் போகிறது.

மாமா: அதனால் மேட்ச்சுக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு போகாதே. அரங்கத்துக்கு நிக்கான் மட்டும். கேனானை வீடியோவுக்கும் வீட்டுக்கும் வை. ஃபோகஸ் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ விழுந்தால் ஏஎஃப் ஃபைன் ட்யூனில் சரிசெய்யலாம், அதை நேரில் வந்து காட்டுகிறேன்.

தம்பி: வியாழன் மாலை மேட்ச். பேஸ்லைன் பின்னால் நிற்க நடுவரிடம் கேட்டுவைக்கிறேன்.

மாமா: அதற்குள் மெனுவில் நான்-சிபியு லென்ஸ் (கேமராவோடு மின்தொடர்பு இல்லாத பழைய லென்ஸ்) என்ற இடத்தில் 105, எஃப் 2.5 என்று ஏற்றிவை. மேட்ச் முடிந்ததும் அவனை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து அதில் ஒரு படம் எடு.

நான்: ஏற்றிவிட்டேன் மாமா.