கொலாஜன் 7 மரபணுப் பரிசோதனை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். என் பெறாமகளுக்கு 6 வயது. பிறந்த நாள் முதல் தோல் உரிந்து கொப்புளம் போடுகிறது. சட்டைத் தையல் உரசினாலே போதும். வலது கையில் இரண்டு விரல்கள் ஒட்டத் தொடங்கிவிட்டன.

களிம்புகள், வாசலின் தடவிய கட்டுத்துணி எல்லாம் பார்த்துவிட்டோம். காயத்தில் ஒட்டிய துணியை வெதுவெதுப்பான உப்புநீரில் ஊறவைத்துத்தான் கழற்றுகிறோம். தினமும் காலையில் அதற்கே ஒரு மணி நேரம், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். சென்ற ஆண்டு கொழும்பில் தோல் துண்டு எடுத்துப் பார்த்தார்கள்: டிஸ்ட்ரோபிக் எபிடெர்மோலிசிஸ் புலோசா. தோல் அடுக்குகளைப் பிணைக்கும் கொலாஜன் 7 என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள பிழையால் வரும் நோய் இது. மரபணுவைச் சோதிக்கவில்லை.

2023 மே மாதம் அமெரிக்காவில் இந்த நோய்க்கான வைஜுவெக் என்ற ஜெல்லுக்கு அனுமதி கிடைத்தது. பெருக முடியாதபடி மாற்றிய ஹெர்பெஸ் வைரஸ், கொலாஜன் 7 மரபணுவைக் காயத்தின் கலங்களுக்குள் கொண்டுபோகிறது. அந்த மரபணு பெரியது, மரபணுச் சிகிச்சையில் பயன்படும் ஏஏவி போன்ற சிறிய வைரஸில் அடங்காது. ஏறத்தாழ 152,000 கார இணைகள் (டிஎன்ஏவின் எழுத்துச் சோடிகள்) கொண்ட ஹெர்பெஸில் அடங்கும். நம் நிறமூர்த்தத்தோடு அது இணைவதில்லை; ஆகவே பலன் நிரந்தரமல்ல, வாரம் ஒருமுறை பூச வேண்டும். மரபணுப் பிழை உறுதியானால்தான் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசவே முடியும்.

இலங்கையில் இருந்தபடியே சிஓஎல்7ஏ1 (கொலாஜன் 7 மரபணுவின் பெயர்) மரபணுப் பரிசோதனையை எங்கே செய்விக்கலாம்?