குண்டர் சட்டமும் 22-வது பிரிவும்: யாருடைய உரிமை பெரியது?

கரிசல்மண்:
எங்கள் கடைத்தெருவில் மாமூல் கேட்டு வந்தவன் மீது ஆறு வழக்குகள். ஒவ்வொன்றிலும் ஜாமீனில் வந்தான். ஒருமுறை வெளியே வந்ததும், தனக்கு எதிராகச் சாட்சி சொன்ன பழக்கடைக்காரரின் தள்ளுவண்டியைச் சாய்த்துவிட்டு, சிதறிய கொய்யாப் பழங்களை மிதித்துக்கொண்டே நடந்து போனான். அதன் பிறகு சாட்சிக்கூண்டில் ஏற எவரும் முன்வரவில்லை. குண்டர் சட்டத்தில் அவன் உள்ளே போன பிறகுதான் தெரு மூச்சுவிடுகிறது. விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் அந்தச் சட்டமே கூடாது என்று இங்கே ஒரு பதிவு எழுதியிருக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு சொல்லும் உயிர்ப் பாதுகாப்பு பழக்கடைக்காரருக்குக் கிடையாதா?

செங்காந்தள்:
எழுதியவள் நான்தான் ஐயா. வழக்கறிஞர். பழக்கடைக்காரருக்கு நடந்தது கொடுமை. ஆனால் சாட்சியை மிரட்டியவனின் ஜாமீனை ரத்து செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. காவல்துறை அந்த மனுவைப் போட்டதா?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும் என்கிறது அரசியல் சாசனத்தின் 22-வது பிரிவு. இனிமேல் குற்றம் செய்யாமல் தடுக்க என்று முன்கூட்டியே அடைக்கும் தடுப்புக்காவலுக்கு இவை பொருந்தாது என்று அதே பிரிவே பிடுங்கியும் கொள்கிறது. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி, ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்திட்டால், குற்றம் நிரூபிக்கப்படாமலே 12 மாதம் வரை சிறை.

கரிசல்மண்:
ஜாமீன் ரத்து மனுவுக்கும் மிரட்டப்பட்டவர் வாய் திறக்க வேண்டுமே அம்மா! பயந்தவர் எப்படி வாக்குமூலம் கொடுப்பார்? காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்க அறிவுரைக் கழகம் இருக்கிறது, அது ஒப்பாமல் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க முடியாது. அரசியல் சாசனம் எழுதியவர்கள் யோசிக்காமலா வைத்தார்கள்?

நெய்தல்:
யோசித்துத்தான் வைத்தார்கள், ஆனால் நிறைந்த மனத்தோடு அல்ல. 1949 செப்டம்பரில் இந்தப் பிரிவைக் கொண்டுவந்த அம்பேத்கர், நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்பது 21-வது பிரிவில் விட்டுப்போனதற்கு ஈடு செய்வதாகவே பேசினார். மறு ஆண்டே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் தன் தடுப்புக்காவலை எதிர்த்துச் சிறையிலிருந்து தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவரைக் கைவிட்டது. சட்டம் சொல்லும் நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1978-இல், மேனகா காந்தி வழக்கில்தான் தீர்ப்பு வந்தது.

அதே 1978-இல் நிறைவேறிய 44-வது திருத்தம் உங்கள் மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. அறிவுரைக் கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்தப் பகுதியை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கையை இன்றுவரை எந்த மத்திய அரசும் வெளியிடவில்லை. மற்ற எதில் மாறுபட்டாலும் இதில் எல்லாக் கட்சிகளும் ஒன்று.

செங்காந்தள்:
அந்தக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் கட்சிக்காரர் ஒருவர் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஜாமீனில் வெளியே வந்துவிடுவார், அதனால் தடுப்புக்காவல் வேண்டும் என்று சொல்லி, அதற்கு ஆதாரமாக வேறு யாரோ ஒருவருடைய ஜாமீன் உத்தரவை வைத்திருந்தார்கள். அதுவும் ஆங்கிலத்தில், பாதிப் பக்கம் மை அப்பிக் கறுத்த நகல். ஆட்கொணர்வு மனுவில் உயர் நீதிமன்றம் காவலை ரத்து செய்தபோது ஏழு மாதம் போய்விட்டது. இழப்பீடு ஒரு ரூபாய் இல்லை. சாதாரணச் சட்டமே போதுமான இடத்தில் தடுப்புக்காவல் செல்லாது என்று 2011-இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன பிறகும் இப்படித்தான் நடக்கிறது.

பயந்த சாட்சி பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி, அதை நான் தட்டிக்கழிக்கவில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில், வீட்டுக்குக் காவல் போடுவதிலிருந்து விசாரணையின்போது சாட்சியும் குற்றம் சாட்டப்பட்டவரும் நேருக்கு நேர் பார்க்காதபடி ஏற்பாடு செய்வது வரை இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு விண்ணப்பிக்கலாம்.

கரிசல்மண்:
எங்கள் தெருவில் ஒருவரிடமும் இதை யாரும் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் என்னென்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள், பழக்கடைக்காரரை நானே அழைத்துப் போகிறேன். ஆனால் ஒன்று அம்மா, அவன் உள்ளே இருப்பதால்தான் அவர் இப்போது கையெழுத்துப் போடத் துணிவார்.